அடைப்புக்குறி ஏன் உடைந்து நிற்கிறது?

போன மாதம் அல்சூரிலிருந்து ஒரு பெரியவர் எங்கள் டி.டி.பி. கடைக்கு வந்தார். கடை பெங்களூரு காட்டன்பேட்டையில், ஒரு மாடி ஏறி வரவேண்டும். பேரன் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் குடும்பக் கொடிவழியைச் சின்ன மலராக அச்சடித்துக் கொடுக்க ஆசைப்பட்டார். ஐந்து தலைமுறைப் பெயர்களையும் நோட்பேடில் தானே தட்டச்சு செய்து, நடுநடுவே கோட்டுத் துண்டுகளை ஒட்டி, கிளை கிளையாகப் பிரித்து பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். அதை, பக்கம் வடிவமைக்க நாங்கள் பயன்படுத்தும் இன்டிசைன் மென்பொருளில் போட்டதும் எல்லாம் குலைந்துவிட்டது. நின்ற கோடுகள் புள்ளி புள்ளியாக அறுந்தன. கிளைகள் பெற்றவர் பெயருக்குக் கீழே நிற்காமல் பக்கத்துப் பெயருக்குக் கீழே போய் நின்றன. “வீட்டுல பார்த்தப்ப சரியாத்தான் இருந்துச்சும்மா” என்றார். அவர் சொன்னது உண்மைதான்.

அதே வாரம் ஸ்ரீராமபுரத்தில் டியூஷன் நடத்தும் சார் ஒருவர் மேட்ரிக்ஸ் (எண்களை வரிசை வரிசையாக அடுக்கி அடைப்புக்குள் எழுதும் அணி) கணக்குத் தாள் கொண்டுவந்தார். அதில் பெரிய அடைப்புக்குறி ஒவ்வொன்றும் மூன்று துண்டாக விலகி நின்றது. இரண்டு பேருக்கும் வந்தது ஒரே கோளாறு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளும் இதில்தான் நாள் கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் அடிப்படையிலிருந்தே சொல்கிறேன்.

சாதாரண அடைப்புக்குறி ஒரே எழுத்து. ‘க’ எப்படி ஒரு முழு எழுத்தோ அப்படி. ஆனால் நான்கு வரிசை உயரமுள்ள ஒரு மேட்ரிக்ஸை அணைத்து நிற்கும் அடைப்புக்குறி பெரும்பாலும் ஒரே எழுத்து அல்ல. சின்னதை இழுத்துப் பெரிதாக்கினால் தடிமனும் சேர்ந்து பெருத்துவிடும், பார்க்க அசிங்கமாக இருக்கும். அதனால் எழுத்துரு செய்கிறவர்கள் அதைத் துண்டுகளாகச் செய்து வைக்கிறார்கள். நெளிவு அடைப்பை எடுத்துக்கொள்வோம். மேல் வளைவு ⎧ ஒரு துண்டு, நடுவில் மூக்கு நீட்டும் ⎨ ஒரு துண்டு, கீழ் வளைவு ⎩ ஒரு துண்டு. இவற்றுக்கு இடையில் எத்தனை வேண்டுமானாலும் போடக்கூடிய நீட்டுத் துண்டு ⎪ ஒன்று.

ஊரில் உறைகிணறு பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கிணற்றுக்குள் ஒரு உறைமேல் இன்னொரு உறையை வைத்து இறக்குவார்கள். எல்லா உறையும் ஒரே விட்டத்தில் இருக்கவேண்டும், ஒன்றின் விளிம்பில் அடுத்தது உட்காரவேண்டும், நடுவில் மண் புகக்கூடாது. ஒரு உறை மட்டும் வேறு அச்சில் வார்த்ததாக இருந்தால் கிணறே கோணிப்போகும். பெரிய அடைப்புக்குறியும், பெட்டி போடும் கோட்டுத் துண்டுகளும் இதே மாதிரிதான். ஆகவே கோளாறு வந்தால் துண்டைப் பார்க்காதீர்கள், துண்டும் துண்டும் சேரும் மூட்டைப் பாருங்கள்.

இந்த முறை கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. ஈய எழுத்து காலத்திலேயே நெளிவு அடைப்பைத் துண்டு துண்டாக வார்த்து, வேண்டிய நீளத்துக்குச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். 1970களில் பெல் ஆய்வகத்தில் பிரையன் கெர்னிஹானும் லொரிண்டா செர்ரியும் கணிதச் சமன்பாடுகளை அச்சுக் கோக்க ஒரு நிரல் எழுதினார்கள். அதிலும் பெரிய அடைப்புகள் இப்படி அடுக்கித்தான் உருவாகும். அந்த அடுக்கில் ஒரு கணக்கு இருக்கிறது. சதுர அடைப்பை இரண்டு, மூன்று, நான்கு துண்டுகளில் கட்டலாம். நெளிவு அடைப்புக்கு நடு மூக்கு இருப்பதால் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில்தான் வளரமுடியும். மூக்குக்கு மேலே எத்தனை நீட்டுத் துண்டோ கீழேயும் அத்தனை வேண்டும். கையால் அடுக்குகிறவர்கள் மேலே இரண்டும் கீழே ஒன்றும் வைத்துவிட்டு, ‘மூக்கு ஏன் நடுவில் வரவில்லை’ என்று கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தாலே தீரும் கோளாறு அது.

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் பொது அட்டவணையான யூனிகோடில், அடைப்புத் துண்டுகளுக்குத் தனி எண்கள் 2002-ல் வந்தன. பெட்டிக் கோடுகளுக்கு அதற்கு முன்பே 128 இடங்கள் இருந்தன. நின்ற கோடு │, படுத்த கோடு ─, மூலைகள் ┌ ┐ └ ┘, சந்திகள் ├ ┼ ┤ எல்லாம் அதில் அடக்கம். பெரியவர் பயன்படுத்தியது இவற்றைத்தான்.

சரி, கோளாறைப் பிடிக்கும் வழிக்கு வருவோம். எதையும் மாற்றுவதற்கு முன்னால் பி.டி.எஃப். எடுத்து, உடைந்த இடத்தை 800 சதவீதம் ஜூம் செய்து பாருங்கள். ஜூம் கூடக் கூட இடைவெளியும் சேர்ந்து பெரிதானால் அது நிஜமான இடைவெளி, அச்சிலும் வரும். ஜூம் எவ்வளவு செய்தாலும் மயிரிழை வெள்ளைக் கோடாகவே நின்றால், அல்லது ஒரு ஜூமில் தெரிந்து இன்னொன்றில் மறைந்தால், அது திரை காட்டும் மாயம். இரண்டு துண்டுகளின் விளிம்பும் ஒரே பிக்சலின் நடுவில் முடியும்போது மென்பொருள் அந்தப் பிக்சலைச் சாம்பலாக்கிவிடுகிறது. தாளில் அது பெரும்பாலும் தெரியாது. சில கோடுகள் மட்டும் தடித்துத் தெரிந்தால் அக்ரோபாட்டின் பேஜ் டிஸ்ப்ளே அமைப்பில் ‘என்ஹான்ஸ் தின் லைன்ஸ்’ என்பதை அணைத்துவிட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் இல்லாத கோளாறுக்கு ஒரு முழு மதியம் செலவழித்தவர்கள் உண்டு.

இடைவெளி நிஜம் என்றால் முதல் சந்தேகம் லீடிங் மேல் போகவேண்டும். லீடிங் என்பது ஒரு வரியின் எழுத்துகள் உட்காரும் கோட்டுக்கும் அடுத்த வரியின் எழுத்துகள் உட்காரும் கோட்டுக்கும் உள்ள தூரம். இன்டிசைனில் ஆட்டோ என்று விட்டால் எழுத்தின் அளவில் 120 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பத்து பாயிண்ட் எழுத்துக்குப் பன்னிரண்டு பாயிண்ட் லீடிங். படிக்கிற உரைக்கு இது அருமையான இடைவெளி, கண்ணுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆனால் உங்கள் கோட்டுத் துண்டின் உயரம் பத்து பாயிண்ட்தான் என்றால் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு பாயிண்ட், அதாவது சுமார் 0.7 மில்லிமீட்டர் வெற்றிடம் விழும். பெரியவரின் கொடிவழியில் நின்ற கோடு புள்ளிக்கோடு மாதிரி ஆனது இதனால்தான்.

வேர்டில் இன்னும் கொஞ்சம் மோசம். புதிய கோப்பில் வரி இடைவெளி ஒரு மடங்குக்கு மேல், அதோடு ஒவ்வொரு பத்திக்குப் பின்னும் 8 பாயிண்ட் இடைவெளி. நாம் என்டர் தட்டும் ஒவ்வொரு முறையும் அதற்கு அது ஒரு புதிய பத்தி. ஆக ஒவ்வொரு மூட்டிலும் எட்டு பாயிண்டுக்கு மேல் பள்ளம். முதலில் பத்திக்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளி இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். அப்புறம் வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று வைத்து எழுத்தின் அளவையே கொடுங்கள். எல்லா எழுத்துருவிலும் துண்டு சரியாக எழுத்தின் அளவே இருக்காது, சிலதில் சற்று உயரமாக இருக்கும். அதனால் அரை அரை பாயிண்டாக ஏற்றி, மூட்டு சேரும் இடத்தில் நிறுத்துங்கள். இதில் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. இறுக்கமான வரி இடைவெளியில் ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் மேல் கொக்கி வேர்டில் வெட்டுப்படும். கோடு சேர்ந்தால் எழுத்து வெட்டுப்படுகிறது, எழுத்து முழுதாகத் தெரிந்தால் கோடு அறுகிறது. இந்த நிலைக்கு வந்துவிட்டால் துண்டுக் கோடுகளை விட்டுவிடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

படுத்த கோட்டில் லீடிங் வேலை செய்யாது, அங்கே டிராக்கிங்கைப் பாருங்கள். எழுத்துகளுக்கு இடையில் கூட்டிய இடைவெளி கோட்டுத் துண்டுகளுக்கு இடையிலும் விழும். இரண்டு ஓரமும் நேராக நிற்கும்படி ஜஸ்டிஃபை செய்த பத்தியிலும் இது நடக்கலாம். டிராக்கிங்கைப் பூஜ்யமாக்கி, பத்தியை இடது சீரமைப்பில் வையுங்கள்.

அடுத்தது எழுத்துரு. தமிழ்க் கோப்புகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி தமிழுக்கென்றே செய்த எழுத்துருக்களில் பெட்டிக் கோட்டுத் துண்டுகள் இருக்காது. இல்லாத எழுத்தைக் கேட்டால் சில மென்பொருள்கள் வெற்றுக் கட்டம் காட்டும். சில சத்தமில்லாமல் வேறொரு எழுத்துருவிலிருந்து எடுத்துப் போட்டுவிடும். இரண்டாவதுதான் ஆபத்து. திரையில் பார்த்தால் எல்லாம் இருக்கிற மாதிரி தெரியும், ஆனால் நின்ற கோடு ஒரு எழுத்துருவிலிருந்தும் மூலை இன்னொன்றிலிருந்தும் வந்திருக்கும். தடிமன் வேறு, அகலம் வேறு, உயரம் வேறு. வேறு அச்சில் வார்த்த உறை என்று சொன்னேனே, அதுதான் இது. பி.டி.எஃப். திறந்து ப்ராபர்டீஸில் ஃபாண்ட்ஸ் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்காத ஒரு பெயர் அங்கே இருந்தால் திருடன் அகப்பட்டான். கோட்டுத் துண்டுகள் அத்தனையையும் தேர்வு செய்து, அவை முழுதாக உள்ள ஒரே எழுத்துருவைக் கொடுங்கள். டெஜாவூ சான்ஸ் மோனோ இலவசம், 128 துண்டுகளும் அதில் உண்டு.

பழைய பாமினி கோப்புகளைத் தொடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். பாமினி யூனிகோடு அல்ல. ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. அதில் திறக்கும் சதுர அடைப்பின் இடத்தில் ‘ஜ’ உட்கார்ந்திருக்கிறது, மூடும் அடைப்பின் இடத்தில் ‘ஸ’. ஆகவே அடைப்புக்குள் 12 என்று எழுதிய வரியை அப்படியே பாமினிக்கு மாற்றினால் ‘ஜ12ஸ’ என்று அச்சாகும். அடைப்பை மட்டும் தேர்வு செய்து ஏதாவது ஆங்கில எழுத்துரு கொடுத்தால் சரியாகிவிடும். இதை ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸில் தேடித் திருத்தும்போது மொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் நிஜமான ‘ஜ’வும் மாறிவிடும்.

இனி பெரியவரின் கிளைகள் ஏன் இடம் மாறின என்று பார்க்கலாம். அவர் ஸ்பேஸ் விசையைத் தட்டித் தட்டி, தன் திரையில் கண்ணால் பார்த்து நேராக்கியிருந்தார். இந்த முறை பலிக்க வேண்டுமானால் எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்கவேண்டும். ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட சம அகல எழுத்துருக்கள் தாராளம். தமிழின் உருவமே அதற்கு ஒத்துவராது. ‘ரவி’, ‘மணி’ இரண்டையும் எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் இரண்டே எழுத்து. கம்ப்யூட்டர் கணக்கிலும் இரண்டும் மூன்று குறிகள். ஆனால் ‘ர’ ஒல்லி, ‘ணி’ மூன்று சுழியோடு நன்றாகப் பரந்து உட்காரும். ரவிக்குப் பின்னால் பத்து ஸ்பேஸ் விட்டு வரும் கோடும், மணிக்குப் பின்னால் பத்து ஸ்பேஸ் விட்டு வரும் கோடும் ஒரே நேரில் நிற்கவே நிற்காது. அவர் வீட்டு எழுத்துருவில் ஒன்பது, பதினொன்று என்று கூட்டிக் குறைத்துச் சரிசெய்திருந்தார். எங்கள் கடையில் எழுத்துரு மாறியதும் அந்தக் கணக்கு முழுவதும் தவறிப்போனது. தமிழில் ஸ்பேஸ் வைத்து நேராக்கியது எதுவும் இடம் மாறினால் தாங்காது. டேப் ஸ்டாப் வையுங்கள், அல்லது டேபிள் போடுங்கள்.

மிகப் பழைய கோப்பில் கோடு இருக்கவேண்டிய இடமெல்லாம் மேலே இரண்டு புள்ளி வைத்த ஆங்கில எழுத்தும், சின்ன மூன்றும், தலைகீழ்க் கேள்விக்குறியும் வரிசையாக வந்தால் அது சீரமைப்புக் கோளாறே இல்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து எழுத்து அட்டவணையில் 196 என்ற எண் படுத்த கோடு, 179 நின்ற கோடு, 191 வலது மேல் மூலை. விண்டோஸ் அட்டவணையில் அதே எண்களுக்கு வேறு எழுத்துகள். கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் 437 என்று தேர்ந்தெடுத்தால் பெட்டிகள் திரும்பி வரும்.

டியூஷன் சாரின் மேட்ரிக்ஸுக்கு வருகிறேன். அவர் வேர்டில் மூன்று வரி அடித்து, ஒவ்வொரு வரியிலும் ஒரு அடைப்புத் துண்டை ஒட்டியிருந்தார். அதை லீடிங் மாற்றி ஒட்டவைக்கலாம், ஆனால் நாளைக்கு நான்காவது வரிசை சேர்த்தால் மறுபடி அதே கதை. வேர்டில் ஆல்ட் விசையோடு சமக்குறியை அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். அதற்குள் மேட்ரிக்ஸ் போட்டால் அடைப்பு தானாக வளரும், மூட்டும் தெரியாது. 2007-ல் வேர்டோடு வந்த கேம்ப்ரியா மேத் எழுத்துருவுக்குள்ளேயே ஒரு கணித அட்டவணை இருக்கிறது. எந்த அடைப்புக்கு எந்தெந்தத் துண்டுகள், எது திரும்பத் திரும்ப வரலாம், ஒன்றின் மேல் ஒன்று குறைந்தது எவ்வளவு ஏறி நிற்கவேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். இந்த ஏறி நிற்றல் அழகான யோசனை. துண்டுகள் விளிம்போடு விளிம்பாக முட்டி நிற்பதில்லை, ஒன்றுக்குள் ஒன்று கொஞ்சம் இறங்கி நிற்கின்றன. ஏறும் அளவைக் கூட்டிக் குறைத்தால் வேண்டிய உயரத்துக்குச் சரியாகப் பொருந்தும், இடைவெளி விழவும் வாய்ப்பில்லை. அந்த அட்டவணை இல்லாத சாதாரண எழுத்துருவைச் சமன்பாட்டுக்குக் கொடுத்தால் இந்த வசதி கிடைக்காது.

கட்டளைகள் எழுதிக் கணிதத்தை அச்சுக் கோக்கும் லேடெக் மென்பொருளில் வேலை செய்கிறவர்கள் வேறு இரண்டு விஷயங்களில் குழம்புகிறார்கள். ஒன்று, அடைப்பைத் தானாக வளரவைக்கும் லெஃப்ட், ரைட் கட்டளை கொடுத்தும் அடைப்பு உள்ளே இருப்பதை முழுக்க மூடவில்லை என்பது. அது கோளாறு அல்ல, லேடெக்குக்கு அடிப்படையான டெக்கை உருவாக்கிய டொனால்ட் க்னூத் வைத்த ஏற்பாடு. வழக்கமான அமைப்பில், உள்ளே இருப்பதன் உயரத்தில் 90.1 சதவீதம், அல்லது அந்த முழு உயரத்தைவிட 5 பாயிண்ட் குறைவு, இந்த இரண்டில் எது பெரிதோ அந்த உயரம் வந்தால் போதும் என்று அது திருப்திப்படும். அறுபது பாயிண்ட் உயர மேட்ரிக்ஸுக்கு ஐம்பத்தைந்து பாயிண்ட் அடைப்பு போதும் என்று அர்த்தம். கண்ணுக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாவது, அடைப்பு சமன்பாட்டின் நடு அச்சை மையமாக வைத்து மேலும் கீழும் சமமாக வளரும் என்பது. நடு அச்சு என்பது கழித்தல் குறி நிற்கும் உயரம். உள்ளே இருப்பது கீழ்ப்பக்கம் மட்டும் ஆழமாகத் தொங்கினால், மேலேயும் அதே அளவு வெறுமையாக அடைப்பு நீளும். அங்கே லெஃப்ட், ரைட்டை விட்டுவிட்டு அளவை நீங்களே குறிப்பிடுங்கள். தலைப்பைப் பெரிய எழுத்தில் போட்டபோது அடைப்பு மட்டும் சிறுத்து நின்றால் எக்ஸ்ஸ்கேல் என்ற பொதியை (லேடெக்கோடு சேர்க்கும் கூடுதல் நிரலை) சேருங்கள். ‘கம்ப்யூட்டர் மாடர்ன்’ என்ற எழுத்துருவின் பழைய அமைப்பில் பெரிய அடைப்புகளின் எழுத்துரு பத்து பாயிண்டிலேயே நிலையாக நிற்கும், அதை எழுத்தோடு சேர்ந்து வளரவைப்பதுதான் அந்தப் பொதியின் வேலை.

லேடெக் டேபிளில் நின்ற கோடு ஒவ்வொரு படுத்த கோட்டுக்கு அருகிலும் அறுந்தால் புக்டேப்ஸ் பொதி சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அது படுத்த கோட்டுக்கு மேலும் கீழும் காற்றோட்டம் விடும், அந்த இடத்தில் நின்ற கோடு இருக்காது. அந்தப் பொதியை எழுதியவர்கள் நின்ற கோடே வேண்டாம் என்கிற கட்சி. நானும் அந்தக் கட்சிதான். வேண்டும் என்றால் புக்டேப்ஸை விட்டு படுத்த கோடு போடும் சாதாரண எச்லைன் கட்டளைக்குப் போய்விடுங்கள்.

கோப்பு அச்சகத்துக்குப் போன பிறகு உடைவதும் உண்டு. எங்கள் கடையிலிருந்தே ஒரு முறை அப்படிப் போனது. சிம்பல் என்ற எழுத்துருவில் பெரிய அடைப்பின் துண்டுகள் இருக்கின்றன. பி.டி.எஃப். படிக்கும் எந்த மென்பொருளிடமும் இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட பதினான்கு எழுத்துருக்களில் அதுவும் ஒன்று. அதனால் சில மென்பொருள்கள் அதைக் கோப்புக்குள் பதிப்பதில்லை. அச்சகத்துக் கம்ப்யூட்டரில் அதற்கு மாற்றாக வேறொன்று வந்தால் துண்டின் அளவு இம்மி மாறும், மூட்டு விலகும். ஃபாண்ட்ஸ் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எம்பெடட் (கோப்புக்குள் பதிந்தது) என்று இருக்கிறதா பார்த்துவிட்டுத்தான் இப்போது அனுப்புகிறேன்.

பெரியவரின் கொடிவழியை மொத்தமாக மாற்றிக் கட்டினேன். பெயர்களை டேபிளின் கட்டங்களில் வைத்தேன். கோட்டுத் துண்டுகளை எல்லாம் அழித்துவிட்டு, எந்தக் கட்டத்துக்கு இடப்பக்கம் கோடு வேண்டுமோ அதற்கு மட்டும் இடது பார்டர், எதற்கு மேலே வேண்டுமோ அதற்கு மட்டும் மேல் பார்டர், மற்றவற்றுக்கு எதுவும் இல்லை. அரை பாயிண்ட் தடிமன். ப்ரூஃபை அவர் கடையிலேயே உட்கார்ந்து விரலை வைத்து ஒவ்வொரு கிளையாக இறங்கிப் பார்த்தார். மூன்றாவது தலைமுறையில் ஒரு அத்தையின் பெயர் விட்டுப்போயிருந்தது. ஒரு வரிசை சேர்த்துப் பெயரை அடித்தேன். அத்தையின் கட்டத்துக்கும் கோடு தானாகவே வந்து சேர்ந்தது.